கம்ப்யூட்டர் நேரமும் அந்த கடைசி அஞ்சு நிமிஷமும்

பசங்களுக்கு கம்ப்யூட்டர் எவ்ளோ நேரம் குடுக்கலாம், ஒரு மணி நேரமா ரெண்டு மணி நேரமா, இதான் எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி. எங்க கம்பெனி பஸ்ஸுல கிருஷ்ணகிரில ஏறி ஓசூர்ல எறங்குற வரைக்கும் இதே பேச்சு ஓடுன நாள் உண்டு, சூளகிரி தாண்டியும் முடியாது. எனக்கு இதுல ஒரு விஷயம் ரொம்ப உறுதியா தோணுதுங்க. வீட்டுல சண்டை வர்றது அந்த ஒரு மணி நேரத்தால வர்றதில்ல, அந்த ஒரு மணி நேரம் எப்படி முடியுதுங்குறதுல தான் வருது. கடைசி அஞ்சு நிமிஷம். அத சரியா அமைச்சுட்டா பாதி சத்தம் கொறஞ்சுடும், அத அமைக்காம எவ்ளோ பெரிய பூட்டு போட்டாலும் தினம் சாயந்தரம் வீடு ரெண்டாகும். அதுக்கு சாஃப்ட்வேர்ல என்ன வழி இருக்கு, எங்க ஓட்டை இருக்கு, எத பண்ணவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன், எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுடலாம்னு தான் இந்த பதிவு, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க வீட்டு நெலம முதல்ல சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் சாஃப்ட்வேர நம்புறேன்னு புரியும். எனக்கு ஷிஃப்ட் வேலை. செகண்ட் ஷிஃப்ட் வாரத்துல மத்தியானம் பஸ் ஏறினா திரும்பி வர நடுராத்திரி ஆயிடும், பசங்க ஸ்கூல்ல இருந்து வர்றப்ப நான் வீட்டுல இல்ல. என் மனைவி வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறா, சாயந்தரம் தான் அளவு குடுக்கவும் வாங்கிட்டு போகவும் ஆளுங்க வருவாங்க, அவளால மெஷின விட்டு எழுந்து எழுந்து மணி பாத்துட்டு இருக்க முடியாது. எங்க அம்மாவுக்கு பேரன் மூஞ்சி வாடினா போதும், "பாவம் புள்ள, இன்னும் கொஞ்ச நேரம் வெளயாடட்டுமே"ன்னு சொல்லிடும். பொண்ணு ஒன்பதாவது, பையன் ஆறாவது, ஹால்ல ஒரே ஒரு டெஸ்க்டாப். இப்படிப்பட்ட வீட்டுல "எந்திரிடா"ன்னு சொல்ல ஒரு ஆள் எப்பவும் நின்னுட்டு இருக்கணும்னா நடக்காத காரியம். சொல்ற ஆள் மாறினா சட்டமும் மாறும், பசங்க அத ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க, அம்மா கிட்ட முடியலைன்னா ஆயா கிட்ட போகலாம்னு. கம்ப்யூட்டரே நேரத்த சொன்னா யார் வீட்டுல இருந்தாலும் ஒரே பேச்சு தான்.

எங்க கிட்ட இருக்கறது விண்டோஸ் 11. அதுக்கு மைக்ரோசாஃப்டோட ஃபேமிலி சேஃப்டின்னு ஒன்னு இருக்கு, காசு கட்ட வேண்டாம், ஹோம் எடிஷன்லயே வேலை செய்யும். இதுக்கு அஸ்திவாரம் ஒன்னே ஒன்னு தான், பசங்களுக்கு தனித்தனி அக்கவுண்ட் இருக்கணும். நெறைய வீட்டுல ஒரே அக்கவுண்ட், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட், அப்பாவும் அதுல தான் பசங்களும் அதுல தான். அட்மின் அக்கவுண்ட்ல உக்காந்திருக்குற புள்ளைக்கு எந்த பூட்டும் பூட்டே கெடையாது, புதுசா ஒரு அக்கவுண்ட் உருவாக்கிட்டு போயிட்டே இருப்பான். அதனால அப்பா அம்மாவுக்கு மட்டும் அட்மின், பசங்களுக்கு சாதா யூசர். பசங்க பேர்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் ஒன்னு போட்டு, அத நம்ம ஃபேமிலி குரூப்ல சேர்த்து, அந்த அக்கவுண்ட்ல கம்ப்யூட்டர்ல சைன் இன் பண்ணிட்டா, அப்புறம் செட்டிங் எல்லாம் நம்ம ஃபோன்ல இருக்குற ஆப்ல இருந்தே பண்ணிக்கலாம். அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்த குரூப்ல ஆர்கனைசரா, அதாவது செட்டிங் மாத்தவும் சம்மதம் குடுக்கவும் உரிமை உள்ள ஆளா, இருக்கணும், இத ரொம்ப பேர் விட்டுடறாங்க, ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன்.

இத செட் பண்றப்ப பசங்கள பக்கத்துல உக்கார வெச்சு தான் பண்ணினேன். இதுல நான் ரொம்ப பிடிவாதம். அவங்க தூங்கினதுக்கு அப்புறம் ரகசியமா போட்டுட்டு, மறுநாள் வெளயாடிட்டு இருக்குறப்ப ஸ்கிரீன் பட்டுனு மறைஞ்சா அந்த புள்ளைக்கு என்ன தோணும்? வீட்டுல இருக்குறவங்க தனக்கு எதிரா ஏதோ பண்றாங்கன்னு தான் தோணும். பக்கத்துல உக்காந்திருந்ததால பையன் அவனே கேட்டான், "ப்பா, திங்கள்கிழமை எனக்கு ஹிந்தி கிளாஸ் இருக்கு, அன்னைக்கு கம்மியா வெச்சுட்டு அத சனிக்கிழமைக்கு குடுங்க"ன்னு. ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனியா நேரம் வெக்கலாம் இதுல, அப்படியே வெச்சோம். அவன் கேட்டு வாங்கின நேரம்ங்குறதால அத மீறுறதுக்கு அவனுக்கே ஒரு சங்கடம் இருக்கு.

நேரம் வெக்கிறதுல ரெண்டு விஷயம் இருக்கு, மொத்தம் எவ்ளோ நேரம்ங்குறது ஒன்னு, எத்தன மணில இருந்து எத்தன மணிக்குள்ளங்குறது இன்னொன்னு. இந்த ரெண்டாவத சிக்குனு வெச்சுடாதீங்க. அஞ்சுல இருந்து ஆறு, ஒரு மணி நேரம்னு வெச்சா பாக்க நல்லா இருக்கும், ஆனா நம்ம ஊர்ல கோடைல சாயந்தரம் ஒரு காத்து அடிச்சு மழை வந்தா கரண்டு போயிடும், அஞ்சரைக்கு போன கரண்டு ஆறே காலுக்கு வரும், பையனோட நேரம் அதோட காலி. அவன் மேல எந்த தப்பும் இல்லாம அவனுக்கு கெடைக்கல, அன்னைக்கு அழுதா அது நியாயமான அழுகை. நாலரைல இருந்து எட்டு வரைக்கும்னு அனுமதி நேரத்த அகலமா வெச்சு, அதுக்குள்ள எப்ப வேணா ஒரு மணி நேரம்னு வெச்சா கரண்டு போனாலும் சரி, கடைக்கு போயிட்டு வந்தாலும் சரி, அவன் பங்கு அவனுக்கு இருக்கும். கம்ப்யூட்டர் ஓடுறப்ப மட்டும் தான் நேரம் கழியும். சாப்பிட எழுந்து போறப்ப சைன் அவுட் பண்ணிட்டு போகணும்னும் சொல்லி குடுத்துடணும், இல்லைன்னா கம்ப்யூட்டர் சும்மா ஓடிட்டு இருக்குற நேரமும் கணக்குல போய் சேர்ந்துடும்.

இப்ப அந்த கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு வர்றேன்.

சாஃப்ட்வேர் நிமிஷத்த எண்ணுது. புள்ளைங்க நிமிஷத்த எண்றதில்ல, ஆட்டத்த எண்றாங்க. என் பையன் மைன்கிராஃப்ட் வெளயாடுவான். அதுல ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சேர்ந்து நம்ம நேரத்துக்கு 20 நிமிஷம். இது எனக்கு தெரியாது, அவன் தான் சொன்னான். "எனக்கு நீங்க ஒரு மணி நேரம் குடுத்தா மூணு நாள் ப்பா"ன்னான். ஒரு நாள் லீவுல அவன் பின்னாடி உக்காந்து முழுசா பாத்தேன். மொத நாள் மரம் வெட்டினான், ஆட்டுக்கு வேலி போட்டான். ரெண்டாவது நாள் குழி தோண்டி உள்ள உள்ள எறங்கி போனான், கைல தீப்பந்தம், செவுத்துல ஒவ்வொன்னா குத்தி வெச்சுட்டே போறான், திரும்பி வர்ற வழி தெரியணுமாம். மூணாவது நாள் பொழுது சாயுற நேரம் வானம் ஆரஞ்சு கலர்ல மாறிச்சு, அந்த நேரத்துக்கு வீட்டுக்குள்ள வந்து கதவ சாத்தி, தோண்டி எடுத்ததெல்லாம் பெட்டில போட்டு, கட்டில்ல படுத்தான். படுத்ததும் ஆட்டத்துல விடிஞ்சுடும், அப்ப வெளிய வந்தா எல்லாம் சேவ் ஆகி இருக்கும், மறுநாள் விட்ட எடத்துல இருந்து தொடங்கலாம். அவனுக்கு முடியுற எடம்னா அது தான். குழிக்கு அடில இருக்குறப்ப நேரம் முடிஞ்சு பூட்டு விழுந்தா அது இலைல சோறு பாதி இருக்குறப்பவே எலைய உருவுற மாதிரி. ஒரு மணி நேரம் சாப்பிட்டது மனசுல நிக்காது, உருவுனது தான் நிக்கும்.

அதுனால அவனோட ஒரு மணி நேரத்துல கடைசி அஞ்சு நிமிஷத்த தனியா ஒதுக்கி வெச்சிருக்கோம். அந்த அஞ்சு நிமிஷம் ஆட்டத்துக்கு இல்ல, வீட்டுக்கு வந்து படுக்குறதுக்கு. முடியப்போகுதுன்னு சாஃப்ட்வேர் முன்கூட்டியே காட்டும், ஆனா ஃபுல் ஸ்கிரீன்ல கேம் ஓடுறப்ப புள்ளைங்க கண்ணுக்கு அது படாது, படுறதுக்கு வாய்ப்பு கம்மி. அதுக்காக மானிட்டர் பக்கத்துலயே ஒரு சாதா டேபிள் கடிகாரம், நம்பர் காட்டுறது, வெச்சுட்டோம். எப்ப தொடங்கினான்னு ஒரு சிலேட்டுல அவனே எழுதி வெக்கிறான். சாஃப்ட்வேர பத்தி எழுதுற எடத்துல சிலேட்டு எதுக்குன்னு கேக்காதீங்க, பூட்டு விழுறது அந்த புள்ளைக்கு திடீர்னு நடக்குற விஷயமா இருக்கக்கூடாது, அவ்ளோதான்.

எல்லா கேமும் மைன்கிராஃப்ட் மாதிரி அஞ்சு நிமிஷத்துல ஒதுங்கி நிறுத்திக்கற கேம் கெடையாது, இங்க தான் பெரியவங்க நெறைய பேர் புள்ளைங்கள தப்பா புரிஞ்சுக்கறாங்க. பக்கத்து வீட்டு பையன் பதினொன்னாவது படிக்கிறான், வேலோரன்ட் வெளயாடுவான். அது அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் ஆட்டம், எந்த அணி முதல்ல 13 ரவுண்டு ஜெயிக்குதோ அது வரைக்கும் போகும், சாதாரணமா அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுவுல நிறுத்தி வெக்க முடியாது. பாதில விட்டுட்டு போனா கேமே தண்டனை குடுக்கும், அடுத்த ஆட்டத்துல கொஞ்ச நேரம் சேத்துக்காது, மீதி நாலு பேரும் இவனால தோப்பாங்க. அவங்க அப்பா "ஆஃப் பண்ணுன்னா ஆஃப் பண்ண மாட்டேங்குறான், என்ன மதிக்கவே மாட்டேங்குறான்"னு என் கிட்ட வருத்தப்பட்டாரு. மதிக்காம இல்லண்ணா, அவன் நாலு பேருக்கு பதில் சொல்ல வேண்டிய எடத்துல உக்காந்திருக்கான்னு சொன்னேன். அந்த மாதிரி கேமுக்கு வழி என்னன்னா, கைல முக்கால் மணி நேரம் இல்லைன்னா புது ஆட்டம் தொடங்கவே கூடாது. முடிக்கிற நேரத்த பிடிக்காம தொடங்குற நேரத்த பிடிக்கணும். இதுக்கு ஃபேமிலி சேஃப்டில தனி வசதி எதுவும் இல்ல, வாயால பேசி வெச்சுக்க வேண்டியது தான். அவரும் ஒத்துக்கிட்டு அப்படியே வெச்சாரு, இப்ப அந்த வீட்டுல இருந்து சத்தம் வர்றதில்ல.

யூடியூப் இதுக்கு நேர் எதிர், அதுக்கு முடிவே கெடையாது. ஒன்னு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடும். அந்த ஆட்டோபிளே பட்டன ஆஃப் பண்ணிடுங்க, ஒரு செகண்டு வேலை. ஒரு வீடியோ முடிஞ்சு திரை நின்னா தான் புள்ளைக்கு "போதும்"னு எழுந்திரிக்க ஒரு எடம் கெடைக்கும்.

நேரம் முடிஞ்சு பூட்டு விழுந்ததும் இன்னும் நேரம் வேணும்னு கேக்குற ஒரு பட்டன் அங்கயே இருக்கும், அத அமுக்கினா நம்ம ஃபோனுக்கு வரும், நாம சம்மதிச்சா கூட நேரம் கெடைக்கும். கேக்க நல்ல வசதி. ஆனா எங்க பிளான்ட்டுக்குள்ள ஃபோன் எடுத்துட்டு போகக்கூடாது, கேட்லயே லாக்கர்ல வெச்சுட்டு போகணும், பையன் ஆறு மணிக்கு கேட்டது எனக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு தான் தெரியும். பதில் வராத கேள்வி, புள்ளைக்கு "மாட்டேன்"னு சொல்றத விட மோசம். அதுனால தான் மேல சொன்னேன் ரெண்டு பேரும் ஆர்கனைசரா இருக்கணும்னு. ஓசூர் வேலைக்கு போற அப்பாக்கள் நெறைய பேர் இருக்குற ஊர் இது, உங்க ஃபோன்ல மட்டும் இத வெச்சுக்கிட்டா சரிப்பட்டு வராது. இப்ப என் மனைவி ஃபோனுக்கு வருது, தைக்கிற மெஷின்ல இருந்தே பாத்துட்டு குடுப்பா. ஒரு நாளைக்கு ஒரு தடவ தான், அதுவும் காரணம் சொல்லணும். "குழிக்குள்ள இருக்கேன்மா"ன்னா குடுப்பா. "சும்மா"ன்னா கெடையாது.

ஓட்டை எங்கெங்க இருக்குன்னு சொல்றேன், ஏன்னா புள்ளைங்களுக்கு அது நமக்கு முன்னாடியே தெரியும். மொத ஓட்டை நம்ம பின் நம்பர், நாம நாலு தடவ டைப் பண்றத பாத்தாலே வெரல் போற போக்க வெச்சு கண்டுபிடிச்சுடுவாங்க. ரெண்டாவது நாம சைன் இன் பண்ணிட்டு அப்படியே விட்டுட்டு போறது, விண்டோஸ் கீயும் எல்லும் சேர்த்து அமுக்கினா பூட்டிக்கும், அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடினாலும் அத அமுக்கிட்டு ஓடணும். மூணாவது டைம் ஜோன். சாதா யூசர் அக்கவுண்ட்ல கடிகாரத்த மாத்த அட்மின் பாஸ்வேர்டு கேக்கும், ஆனா டைம் ஜோன மாத்த விடும், எந்த ஊர் நேரத்துல ஓடுதுன்னு அப்பப்ப ஒரு கண்ணு பாத்துக்கங்க.

நாலாவது நம்ம தமிழ்நாட்டுக்கே உரிய ஓட்டை. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்த லேப்டாப்ல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் சேர்ந்து இருக்கும், ஒன்னு விண்டோஸ், இன்னொன்னு பாஸ் லினக்ஸ், மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் உருவாக்கினது. பாலக்கோட்டுல எங்க அக்கா வீட்டுல பெரியவனுக்கு காலேஜ்ல குடுத்த அந்த லேப்டாப் தான் இப்ப சின்னவன் கைல. விண்டோஸ்ல நேரம் எல்லாம் பக்காவா வெச்சு குடுத்தாச்சு, மாமாவும் நிம்மதியா இருந்தாரு. அந்த பையன் ஆன் பண்றப்ப வர்ற கருப்பு ஸ்கிரீன்ல கீழ் அம்புக்குறி ஒரு தட்டு தட்டி பாஸ் லினக்ஸ்க்குள்ள போய் அங்க பிரவுசர்ல உக்காந்துட்டான். விண்டோஸ்ல போட்ட பூட்டு விண்டோஸுக்குள்ள தான், லினக்ஸுக்கு அது தெரியவே தெரியாது. பையன திட்டாதீங்கன்னு அக்கா கிட்ட சொன்னேன், கம்ப்யூட்டர் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு யாரும் சொல்லி குடுக்காமயே கத்துக்கிட்டவன்.

லினக்ஸுக்கும் வழி இருக்கு, டைம்கேபிஆர் நெக்ஸ்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ்ல சுலபமா போட்டுக்கலாம். உண்மைய சொன்னா விண்டோஸ்ல இருக்குறத விட இது எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு. ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு மாசத்துக்குன்னு தனித்தனியா அளவு வெக்கலாம், எந்தெந்த மணில அனுமதின்னு வெக்கலாம், மூலைல ஒரு ஐகான் மீதி எவ்ளோ நேரம்னு காட்டிட்டே இருக்கும், நேரம் கொறைய கொறைய அதோட கலர் மாறும். ஸ்கிரீன லாக் பண்ணி வெச்சிருக்குற நேரத்த கணக்குல சேக்காத மாதிரியும் வெக்கலாம். நேரம் முடிஞ்சா வெளிய தள்ளணுமா, லாக் மட்டும் பண்ணணுமா, மெஷினயே ஆஃப் பண்ணணுமான்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். லாக் மட்டும் வெச்சா தெறந்து வெச்ச வேலை அப்படியே இருக்கும், மறுநாள் எடுத்துக்கலாம், கடைசி அஞ்சு நிமிஷ பிரச்சனைக்கு இதுவே பெரிய மருந்து. கேமுக்கு மட்டும் தனி நேரம் வெக்க பிளேடைம்னு ஒரு பகுதியும் இருக்கு. அக்கா பையன் லேப்டாப்ல பழைய சிஸ்டம் ரெண்டையும் எடுத்துட்டு லேசான ஒரு லினக்ஸ் மட்டும் போட்டு இத வெச்சு குடுத்துட்டேன், ஆன் பண்ணினதும் மெஷின ஸ்டார்ட் பண்ற பயாஸுக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டாச்சு, பென்டிரைவ்ல இருந்து வேற எதையும் ஸ்டார்ட் பண்ண முடியாது. பயாஸ் பாஸ்வேர்ட மட்டும் ஒரு நோட்டுல எழுதி பீரோல வெச்சுடுங்க, மறந்தா சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டு அலையணும்.

அஞ்சாவது ஓட்டை ஃபோன். கம்ப்யூட்டர்ல நேரம் முடிஞ்சதும் அம்மா ஃபோன் கைக்கு போயிடும், அப்படி போச்சுன்னா நாம கம்ப்யூட்டர் நேரத்த கொறைக்கல, எடத்த தான் மாத்தி இருக்கோம். அது சின்ன ஸ்கிரீன், கண்ணுக்கு இன்னும் கிட்ட. ஆண்ட்ராய்டு ஃபோன் புள்ளைக்குன்னு தனியா இருந்தா கூகுள் ஃபேமிலி லிங்க் போடுங்க, முடியுறதுக்கு 15 நிமிஷம், 5 நிமிஷம், 1 நிமிஷம் முன்னாடி சொல்லிட்டு தான் பூட்டும், அன்னைக்கு மட்டும் கூட குடுக்க போனஸ் டைம்னு ஒன்னும் இருக்கு. அம்மா ஃபோன் அம்மாவோடது, அதுக்கு ஸ்கிரீன் லாக் போட்டா போதும்.

ரவுட்டர்ல பூட்டுறவங்களும் இருக்காங்க, ஃபைபர் போட வந்த ஆளுங்க கிட்ட கேட்டா ஒவ்வொரு மெஷினையும் நெட்வொர்க்ல அடையாளம் காட்டுற மேக் நம்பர வெச்சு இத்தன மணிக்கு மேல நெட் கட்னு வெச்சு குடுப்பாங்க. ஆண்ட்ராய்டு 10-ல இருந்து ஃபோன் தன்னோட மேக் நம்பர மறைச்சு பொய் நம்பர் ஒன்ன குடுக்குது, அதுனால சில நேரம் பூட்டு அந்த ஃபோனுக்கு விழாமலே போயிடும். நெட் இல்லாம வெளயாடுற கேமுக்கு ரவுட்டர் ஒன்னும் பண்ணாது. சைட்டோட பேர வெச்சு அதோட முகவரிய தேடி குடுக்குற டிஎன்எஸ்ஸ மாத்துறது, கிளவுட்ஃப்ளேரோட 1.1.1.3 மாதிரி, ஆபாச சைட்ட தடுக்க நல்லது, போட்டு வைங்க, நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

படிப்பையும் வெளயாட்டையும் ஒரே உண்டியல்ல போடுறது தான் பெரிய பசங்க வீட்டுல வர்ற அடுத்த தகராறு. பொண்ணுக்கு மொத்த நேரத்துக்கு பூட்டே போடல. அவ தமிழ்நாடு அரசோட மணற்கேணி ஆப்ல சயின்ஸ் வீடியோ பாப்பா, ஸ்கூல் புராஜெக்ட் டைப் பண்ணுவா, அதுக்கு நடுவுல பூட்டு விழுந்தா எந்த புள்ளைக்கும் ஆத்திரம் வரத்தான் செய்யும். ஃபேமிலி சேஃப்டில ஆப்புக்கும் கேமுக்கும் தனித்தனியா நேரம் வெக்கலாம், அவளுக்கு அது மட்டும் தான். ஒரு சிக்கல் மட்டும் சொல்லிடறேன், வெப்சைட்ட வடிகட்டுற வசதி எட்ஜ் பிரவுசர்ல தான் வேலை செய்யும், அத ஆன் பண்ணினா குரோம் மாதிரி மத்த பிரவுசர் தெறக்காது. "குரோம் போச்சு, வைரஸ் வந்துடுச்சு"ன்னு பயந்து சர்வீஸுக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, நீங்க ஆன் பண்ணினதோட வேலை அது.

ரிப்போர்ட் பத்தி எனக்கு கடுமையான கருத்து இருக்கு. புள்ளை எத பாத்துச்சு, எத தேடுச்சுன்னு வாரா வாரம் நமக்கு வரும். அத பொண்ணுக்கு தெரியாம படிக்கிறது எனக்கு மனசு ஒப்பல, அவ டைரிய எடுத்து படிக்கிறதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து தெறந்து பாப்போம், அவ தான் மவுஸ் பிடிப்பா. எவ்ளோ நேரம் எதுல போச்சுன்னு அவளே பாக்குறா, சில வாரம் "இவ்ளோவா?"ன்னு அவளே கேப்பா. நான் ஒன்னும் சொல்றதில்ல. ஒளிஞ்சு இருந்து புள்ளை டைப் பண்றத எல்லாம் காப்பி எடுத்து அப்பாவுக்கு அனுப்புற சாஃப்ட்வேர் எல்லாம் விக்கிறாங்க, தயவு செஞ்சு அதுக்கு போகாதீங்க. நாளைக்கு யாராவது தப்பா மெசேஜ் பண்ணினா அந்த புள்ளை நம்ம கிட்ட வந்து சொல்லணும், ஒளிஞ்சு பாக்குற அப்பன் கிட்ட எந்த புள்ளையும் வந்து சொல்லாது.

அரசாங்கமே இந்த வேலைய பண்ணக்கூடாதான்னு பஸ்ஸுல ஒருத்தர் கேட்டாரு. பண்ணி பாத்திருக்காங்க. தென் கொரியாவுல 2011-ல ஒரு சட்டம் போட்டாங்க, 16 வயசுக்கு கீழ இருக்குறவங்க ராத்திரி 12-ல இருந்து காலைல 6 வரைக்கும் ஆன்லைன் கேம் வெளயாட முடியாது. புள்ளைங்க அப்பா அம்மாவோட அடையாள நம்பர போட்டு உள்ள போனாங்க, கம்ப்யூட்டர்ல இருந்த ஆட்டம் ஃபோனுக்கு மாறிச்சு, 2022 ஜனவரியோட அந்த சட்டத்தையே எடுத்துட்டாங்க. சீனாவுல 2021-ல இருந்து 18 வயசுக்கு கீழ இருந்தா வெள்ளி, சனி, ஞாயிறு, லீவு நாள்ல ராத்திரி 8-ல இருந்து 9 வரைக்கும் மட்டும் தான். நம்ம ஊர்லயும் பிஜிஎம்ஐங்குற ஃபோன் கேம்ல 18 வயசுக்கு கீழ ஒரு நாளைக்கு 3 மணி நேரம்னு கம்பெனியே வெச்சிருந்துச்சு, வயச கூட போட்டா எங்க போச்சு அந்த மூணு மணி நேரம். 2025-ல தமிழ்நாட்டுல ராத்திரி 12-ல இருந்து காலைல 5 வரைக்கும் தடைன்னு வந்தது காசு வெச்சு ஆடுற ஆட்டத்துக்கு, ஹைகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. மைன்கிராஃப்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அத நம்பி யாரும் இருக்க வேண்டாம். வீட்டுல ஓட்டை எங்க இருக்கோ நாட்டுலயும் அங்க தான் இருக்கு, பெரியவங்க பேர்ல இருக்குற அக்கவுண்ட்ல.

எவ்ளோ நேரம்ங்குறதையும் சொல்லிடறேன், அதான் எல்லாரும் முதல்ல கேக்குறது. இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்றது 2 வயசுக்கு கீழ ஸ்கிரீனே வேண்டாம், 2-ல இருந்து 5 வரைக்கும் அதிகபட்சம் ஒரு மணி நேரம், 5-ல இருந்து 10 வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள. இதுல டிவி, ஃபோன் எல்லாம் சேர்த்தி, ஆயா கூட உக்காந்து சீரியல் பாக்குற நேரமும் சேர்த்தி. வெளிய வெயில்ல வெளயாடுற புள்ளைங்களுக்கு கிட்டப்பார்வை வர்றது கம்மின்னும் கண் டாக்டருங்க சொல்றாங்க, அதுனால அஞ்சு மணிக்கு பசங்க தெருவுல கிரிக்கெட் ஆடுறப்ப கம்ப்யூட்டருக்கு அனுமதி நேரமா இருந்தாலும் பையன் வெளிய போறானான்னு தான் நான் கேப்பேன். எங்க வீட்டுல பையனுக்கு பொதுவா வார நாள் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு ரெண்டு. மே மாச லீவுல இத அப்படியே வெச்சா சரி வராது, மாங்கா சீசன்ல மாமனார் தோப்புக்கு போயிட்டா பத்து நாள் கம்ப்யூட்டர் நெனப்பே இருக்காது, வெயில்ல வீட்டுலயே அடைஞ்சு கெடக்குற நாள்ல ஒரு மணி நேரம் பத்தாது, லீவுக்கு தனி அட்டவணை போட்டுக்கறோம். எருது விடும் விழா சமயத்துல ஊர்ல எந்த பையனும் கம்ப்யூட்டர் பக்கமே போறதில்ல, அப்ப பூட்டு பத்தி பேச்சே எழாது.

கடைசியா, ரெண்டு மூணு பேர் தனியா கேட்டதுக்கு பதில். விண்டோஸ் 10 வெச்சிருக்குறவங்க, ஃபேமிலி சேஃப்டி அதுலயும் ஓடும், ஆனா விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்ட முடிச்சுட்டாங்க, புள்ளைங்க நெட்டுக்கு போற மெஷின் அப்படியே இருக்க வேண்டாம், 11 ஏறுற மெஷினா இருந்தா ஏத்திடுங்க, ஏறாத பழைய மெஷின்னா லினக்ஸும் டைம்கேபிஆரும் தாராளமா போதும். ஸ்டீம்ல கேம் வாங்கி வெச்சிருக்குறவங்க அதுக்குள்ளயே 2024-ல வந்த ஃபேமிலீஸ் வசதில நேரம் வெக்கலாம், ஆனா ரெண்டு எடத்துலயும் வெக்காதீங்க, எது பூட்டுச்சுன்னு தெரியாம நீங்களும் குழம்பி புள்ளையும் குழம்பும். எங்க பையன் வர்ற ஜூன்ல ஏழாவது போறான், வெள்ளிக்கிழமை நேரத்துல அரை மணி நேரத்த எடுத்து ஞாயித்துக்கிழமை சேத்துக்கலாமான்னு மனு போட்டிருக்கான், அவங்க அம்மா இன்னும் கையெழுத்து போடல, ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட் பாக்குறப்ப பேசிக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கா.